வாரிஸும் வாரிசும்

என் மனைவியோடு சந்தைக்குப் போவதை நான் நிறுத்திப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இரண்டு கிலோ மீன் வாங்கினால் வீட்டுக்கு ஒன்றரைக் கிலோதான் வந்து சேரும். மிச்சம் வழியிலேயே யாருக்காவது போயிருக்கும். ஒருமுறை மழைக்கு ஒதுங்கி நின்ற வங்காளதேசத் தொழிலாளி ஒருவனுக்குக் குடையைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அவளுடைய குடை என்றால்கூட மன்னித்திருப்பேன். அது என் குடை.

எனக்கு முன்கோபம் அதிகம். ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறேன், அந்தச் சாலையில் கோபம் வராதவன் பேருந்து ஓட்ட முடியாது. அவள் அதே வட்டாரத்தில் இன்னொரு தொழிற்சாலையின் கெண்டினில் சமைக்கிறாள். நான் கத்துவேன், அவள் கேட்டுக்கொண்டே அடுத்த ஆளுக்கு எதையாவது பொட்டலம் கட்டுவாள். முப்பது வருடமாக எங்கள் குடும்பம் இப்படித்தான் ஓடியது. இளகின மனசுக்காரி, அவளுக்குக் கொடுப்பது சுலபம், எனக்குக் கஷ்டம், ஆளுக்கு ஒரு குணம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

எனக்குக் குடலிறக்க அறுவை நடந்தபோது ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். அடுத்த கட்டிலில் எழுபத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். சர்க்கரை வியாதி, வலது காலில் ஆறாத புண். பார்வையாளர் நேரத்தில் எல்லாக் கட்டிலைச் சுற்றியும் கூட்டம் நிற்கும். அவர் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்குவதுபோல் படுத்துக்கொள்வார். புண்ணிலிருந்து வரும் வாடைக்காக அந்தப் பக்கத்துத் திரையை இழுத்து விடச் சொன்னவன் நான்தான். என் மனைவி வந்தாள், திரையை விலக்கினாள், எனக்குக் கொண்டு வந்த கஞ்சியில் பாதியை அவருக்கு ஊற்றினாள்.

நம்மவர்கள் இரண்டு பேர் பேச ஆரம்பித்தால் முதலில் எந்தத் தோட்டம் என்று கேட்போம். அரை மணி நேரத்தில் எப்படியாவது ஒரு சித்தப்பாவோ மச்சானோ கிடைத்து உறவாகிவிடுவோம். இவர்கள் இரண்டு பேரும் நன்றாகத் தேடினார்கள். அவள் பிறந்தது ஆயர் தாவார் பக்கம். அவர் கோலா கங்சார் போகிற வழியில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறி செம்பனை நட்டபோது வீடுகளை இடித்துவிட்டார்கள். பிறகு ஈப்போவுக்கு வந்து ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை, அதாவது காவல். மனைவி போய்ச் சேர்ந்து நெடுநாள் ஆகிறது, பிள்ளைகள் இல்லை, காவல் கொட்டகையிலேயே படுக்கை. எவ்வளவு தோண்டியும் எங்களுக்கும் அவருக்கும் ஓர் உறவும் அகப்படவில்லை. எனக்கு அதில் உள்ளூர நிம்மதி.

மூன்றாம் நாள் ஒரு மலாய்க்கார மிஸி படிவத்தோடு வந்தது. தாதிகளை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மறுநாள் அவருடைய காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும்.

"பாக்சிக், வாரிஸ் அடா?" என்று மிஸி கேட்டது. பெரியவரே, வாரிஸ் உண்டா என்று.

மலாயில் வாரிஸ் என்றால் நெருங்கிய ஆள். ஏதாவது ஆனால் யாருக்குப் போன் செய்வது என்பதுதான் கேள்வி. அண்ணன் தம்பி, பக்கத்து வீட்டுக்காரன், யார் பெயரைச் சொன்னாலும் எழுதிக்கொண்டு போயிருக்கும். ஆனால் கால் போகப் போகிறது என்று கேட்டு ஒடுங்கிக் கிடந்த மனிதருக்கு அந்தச் சொல் தமிழில் காதில் விழுந்துவிட்டது.

"வாரிசு இல்லம்மா," என்றார். "ஆண்டவன் குடுக்கல. நா என்ன செய்ய?" சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். போர்வை குலுங்கியது.

மிஸிக்குத் தமிழ் தெரியாது. கேட்ட கேள்விக்கு இந்த ஆள் ஏன் அழுகிறார் என்று விழித்தது. என் மனைவி எனக்காக ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அதை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

"சாயா வாரிஸ்," என்றாள். நான்தான் வாரிஸ் என்று.

மிஸி அவள் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக்கொண்டு போய்விட்டது. பெரியவர் போர்வையை மெதுவாக இறக்கி அவளைப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் தரை துடைக்கிற பெண், சாப்பாட்டு வண்டிக்காரர், எதிர்க் கட்டில் சீனக் கிழவர் வரைக்கும் சேதி போய்விட்டது. "எனக்கு வாரிசு இருக்கு. மக." அந்தச் சீனக் கிழவருக்கு என்ன புரிந்ததோ, கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

வீட்டுக்கு வந்த பிறகு அவளுக்கு விளக்கினேன்.

"அது வெறும் போன் நம்பர்லா. மலாய்ல வாரிஸ்னா வேற. நீ என்னமோ பிள்ளையாப் பொறந்த மாதிரி தலையாட்டிட்டு வந்துட்ட."

"எனக்குத் தெரியாதாங்க? பத்து வருஷமா கெண்டின்ல மலாய்க்காரங்களோடதான் நிக்கிறேன். மிஸி மலாய்லதான் கேட்டுச்சு. அவரு காதுல தமிழ்ல விழுந்துருச்சு. நா அவருக்குத்தான பதில் சொன்னேன்?"

அவள் தெரியாமல் செய்த தவறு என்றால் திருத்தியிருக்கலாம். தெரிந்தே மாட்டிக்கொண்டவளை என்ன செய்வது?

மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வாரிஸைக் கூப்பிட்டார்கள். பெரியவரை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றார்கள். அவருக்கு ஏது வீடு? ஒற்றைக் காலோடு ஜாகா வேலைக்கு யார் வைத்துக்கொள்வார்கள்? சமூக நல அதிகாரி நல்ல மனிதர், முதியோர் இல்லங்களில் கேட்டுப் பார்த்தார். எல்லா இடத்திலும் காத்திருக்கும் வரிசை, அதிலும் தானே எழுந்து நடமாடுகிறவர்களுக்குத்தான் முதல் இடம். நாங்கள் சொந்தக்காரர்கள் இல்லை என்று சொல்லிவிடு, அதுதானே உண்மை என்று மனைவியிடம் சொன்னேன். "பொய் சொல்லச் சொல்றீங்களா?" என்று என்னையே கேட்டாள்.

இங்கே எங்கள் வீட்டு நிலைமையைச் சொல்ல வேண்டும். இரண்டு அறை வீடு. ஒன்று எங்களுக்கு. மற்றது எங்கள் ஒரே மகளுக்கு. அவள் கல்யாணமாகிக் கோலா கங்சாரில் மாமியார் வீட்டில் இருந்தாள், தலைப்பிரசவம், ஆறு மாதம் முடிந்திருந்தது. ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு வீட்டுக்கு அழைத்து வருவதாகப் பேச்சு. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பதை நம் பெண்கள் யாரும் சொல்லித் தெரிந்துகொள்வதில்லை. நான் அந்த அறைக்கு இளம்பச்சைச் சாயம் பூசியிருந்தேன். காற்றாடியை மாற்றியிருந்தேன். ஸ்பிரிங் தொட்டில் மாட்ட விட்டத்தில் கொக்கி அடித்திருந்தேன். பேரப்பிள்ளை வரப் போகிறது என்று பேருந்தில் ஏறுகிற பெண்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

அந்த அறைக்குள்தான் என் மனைவி பெரியவரைக் கொண்டுவந்து படுக்க வைத்தாள்.

அன்று நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். என் குடையைக் கொடுத்தாய், பேசாமல் இருந்தேன். மீனைக் கொடுத்தாய், பேசாமல் இருந்தேன். (பேசாமல் இருந்ததே இல்லை, ஆனாலும் கோபத்தில் அப்படித்தான் வரும்.) "இந்த ரூமு ஒன்னோடது இல்ல. அவ பங்க எடுத்து நீ தானம் பண்ற. ஒனக்கு யாரு அந்த உரிமையக் குடுத்தா?" என்று கேட்டேன். அவள் பெரியவருக்குப் போர்வையைப் போர்த்திவிட்டு வெளியே வந்தாள். "நம்ம ரூம்ல அவளும் நானும் படுத்துக்கறோம். நீங்க ஹால்ல படுங்க," என்றாள். ஆக, என் பங்கும் போயிற்று.

மகள் வர மறுத்துவிட்டாள். அவள் பக்கம் நியாயம் இருந்தது. ஆறாத புண்ணோடு ஒரு நோயாளி இருக்கிற வீட்டில் பச்சைக் குழந்தையை எப்படி வைத்துக்கொள்வது என்று அவள் மாமியார் கேட்டார். யாராக இருந்தாலும் கேட்பார்கள். சமாதானம் செய்யலாம் என்று நான் போனை வாங்கி, "ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்னு சொல்லுவாங்கம்மா," என்றேன்.

"ஆமாப்பா," என்றாள் மகள். "நா தானாத்தான் வளந்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. அவள் சிறுமியாக இருந்தபோது பள்ளி ஓட்டப் பந்தயத்துக்கு அம்மா வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பக்கத்துத் தெருவில் யாரோ ஒரு பெண்ணைப் புருஷன் அடித்தான் என்று போலீஸ் நிலையத்தில் போய் உட்கார்ந்திருந்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தப் பெண் யாரென்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது.

வளைகாப்பு கோலா கங்சாரிலேயே நடந்தது. வளையல் போட்டு, சந்தனம் பூசி, ஐந்து வகைச் சாதம் வைத்து, எல்லாம் முறைப்படி முடிந்தது. முடிந்ததும் பெண் தாய் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். அவள் கிளம்பவில்லை. வந்தவர்கள் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் காலிச் சாதப் பாத்திரங்களைக் காரின் பின்சீட்டில் வைத்துக்கொண்டு ஈப்போ திரும்பினோம். அவள் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பட்டுச் சேலையை மாற்றிக்கொண்டு நேராகப் பெரியவர் அறைக்குள் போனாள். கட்டு மாற்றுகிற நேரம். முழங்காலுக்குக் கீழே வெட்டிய இடத்தை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, பஞ்சை நனைத்து நனைத்துத் துடைத்தாள். நான் வாசலில் நின்று அவள் முகத்தைப் பார்த்தேன். அருவருப்பு இருக்கிறதா என்று தேடினேன். எரிச்சல் இருக்கிறதா என்று தேடினேன். அன்று ஊர் முன்னால் தலைகுனிந்துவிட்டு வந்தவள், அதற்குக் காரணமான மனிதரின் காலை, எங்கள் மகளைக் குளிப்பாட்டிய அதே பதத்தில் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோபமும் குறையவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் ஒருவனுக்கு இருக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

பிரசவம் சொன்ன நாளுக்கு இரண்டு வாரம் முன்னாலேயே வந்தது. ஒரு சனிக்கிழமை காலை மருமகன் போன் செய்தார். வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், இவள் அம்மா அம்மா என்கிறாள், சீக்கிரம் வாங்க. எந்த வீட்டில் பிரசவம் என்ற சண்டையெல்லாம் அந்த ஒரு போனில் போய்விட்டது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு கார் சாவியை எடுத்தேன். என் மனைவி முன்பே கட்டி வைத்திருந்த பையை எடுத்தாள். பெரியவருக்குச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனவள் அங்கிருந்து சத்தம் போட்டாள்.

அவர் வியர்வையில் நனைந்து கிடந்தார். கூப்பிட்டால் கண் திறக்கவில்லை.

ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம். அது வருவதற்குள் எங்களுக்குள் நடந்த பேச்சு இவ்வளவுதான்.

"நீங்க போங்க. நா இவரோட போயிட்டு வாரேன்."

"பெத்த பொண்ணு வலியில கூப்புடுதுடி!"

"அவளுக்கு அங்க ஆறு பேரு இருக்காங்க. நீங்களும் போறீங்க. இவருக்கு நா ஒருத்திதான்."

இதற்கு என்ன பதில் இருக்கிறது? அந்த நேரத்தில் நான் சொன்னதை எழுத முடியாது.

கோலா கங்சார் போய்ச் சேர்ந்தேன். மகள் என்னைப் பார்த்ததும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "அம்மா எங்க?" வந்துகிட்டே இருக்கா என்றேன். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் கேட்டாள். பார்க்கிங் கிடைக்கல போல என்றேன். ஈப்போவிலிருந்து இருவரும் ஒரே காரில்தான் வருவோம் என்று அவளுக்குத் தெரியாதா? மூன்றாவது முறை அவள் கேட்கவில்லை. மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது, நல்ல சுகம். மாமியார்தான் முதலில் வாங்கினார்.

சாயங்காலம் ஈப்போவுக்கு வந்து, நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு பாட்டம் திட்டுவதற்கு வழியெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு போனேன். அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பெரியவர் பிழைத்துவிட்டார். பேத்தி பிறந்த சேதியைச் சொன்னேன். கைகூப்பினாள். பிறகுதான் நடந்ததைச் சொன்னாள்.

அவர் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. தட்டு காலியாகத்தான் வெளியே வந்தது. சோற்றைப் பிளாஸ்டிக் பையில் கொட்டிக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் மறைத்து வைத்திருக்கிறார். இன்சுலின் ஊசி மட்டும் வேளை தவறாமல் உடம்பில் ஏறியிருக்கிறது, சர்க்கரை விழுந்துவிட்டது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று இவள் அழுது கேட்டிருக்கிறாள்.

"நா இருக்கறதாலதான தாயி பாப்பா வரல. போன்ல பேசுனது காதுல விழுந்துச்சு. நா வெரசாப் போயிட்டா, அது பொறந்த வீட்டுல வந்து பெத்துக்கிரும்ல?"

எங்கள் மகளை அவர் பார்த்ததே இல்லை. போட்டோவில்கூடக் காட்டவில்லை, நான்தான் காட்ட விடவில்லை. உறவே இல்லாத ஒரு கிழவருக்காக இவள் மகளைப் பணயம் வைத்தாள். முகம் தெரியாத ஒரு பெண்ணுக்காக அந்தக் கிழவர் உயிரையே விடப் பார்த்தார். சேர்த்து வைத்திருந்த திட்டு ஒன்றும் வரவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். பஞ்சும் மருந்தும் மணக்கிற அந்த நடைவழியில், பெரிய கோயிலுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டவனைப் போல எனக்குக் கூச்சமாக இருந்தது.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இவள் செய்தது சரி என்று நான் சொல்ல மாட்டேன். எல்லாரும் இவளைப் போல இருந்தால் பிள்ளைகளின் கதி என்ன? ஒருவருமே இவளைப் போல இல்லாவிட்டால் அந்தப் பெரியவரின் கதி என்ன? நான் இந்த இரண்டுக்கும் நடுவில் பேருந்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

பெரியவர் இன்னும் வார்டில் இருந்தபோதே, மூன்றாம் நாள், மகளைப் பார்க்கப் போனோம். அதற்குள் மாமியார் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தாள். பத்தியத்துக்குப் பூண்டு, மிளகு, சுறா மீன் என்று என் மனைவி பை நிறைய எடுத்துக்கொண்டாள். அறைக்குள் நாங்கள் மூன்று பேரும் குழந்தையும்தான். மகள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் அவள் உதடு துடித்தது.

"நா ஒனக்கு யாரோவா இருந்திருந்தா, அன்னிக்கு நீ வந்திருப்பல்லம்மா?"

என் மனைவி கையிலிருந்த பையைத் தரையில் வைத்தாள். "வந்திருப்பேன்," என்றாள்.

சமாளிக்கிற பொய் ஒன்றைச் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது வராது. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குத் தாங்கவில்லை. அந்த மனிதர் சோற்றை ஒளித்து வைத்ததையும், அது யாருக்காக என்பதையும் சொல்லிவிட்டால் மகள் மனசு இளகிவிடும், ஒரு நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது. "அம்மாடி, அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னா..." என்று ஆரம்பித்தேன். என் மனைவி என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவ்வளவு பலமாக அவள் என்னைப் பிடித்ததில்லை.

"புள்ளயக் குடும்மா, பாக்குறேன்," என்றாள் மகளிடம்.

மகள் உடனே கொடுக்கவில்லை. அம்மாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மொதல்ல கையக் கழுவிட்டு வா," என்றாள்.

என் மனைவி குழாயடிக்குப் போனாள். நேரமாகியும் வரவில்லை, போய்ப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் சோப்பு நுரையோடு நின்று அழுதுகொண்டிருந்தாள். தோள் குலுங்க, சத்தம் வெளியே வராமல், வாயைத் தோளோடு அழுத்திக்கொண்டு அழுதாள். முப்பது வருடத்தில் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அவளுக்கு எல்லாம் சுலபம் என்று நினைத்துக்கொண்டு இத்தனை காலம் அவளோடு குடித்தனம் நடத்திய என் முட்டாள்தனம் அப்போதுதான் உறைத்தது.

"ஏன்லா என்னையத் தடுத்த? ஒரு வார்த்த சொல்லிருந்தா அவ ஒன்னையக் கட்டிப் புடிச்சிருப்பா."

"இப்ப அவளுக்கு எம்மேல மட்டும்தான கோவம்," என்றாள். "அதச் சொன்னா, தன்னாலதான் ஒரு மனுசன் சாகப் பாத்தாருன்னு அவ மேலயே அவளுக்கு வெறுப்பு வரும். பச்ச ஒடம்பு. பால் குடுக்கறவ. எம்மேல கோவமாவே இருக்கட்டும்."

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் அருகில் போகவே எனக்குப் பயமாக இருந்தது. அவள் மூடாமல் விட்டுப் போன குழாயை மூடிவிட்டு நானும் போனேன்.

அதற்கு அப்புறம் ஒன்றரை வருடம் மகள் மாதம் ஒருமுறை வந்தாள், குழந்தையைக் காட்டினாள், சாயங்காலம் ஆவதற்குள் கிளம்பிவிட்டாள். அம்மா சமைத்ததைச் சாப்பிட்டாள், அம்மாவோடு பேசவில்லை. அந்த ஒன்றரை வருடமும் என் மனைவி வாயைத் திறக்கவில்லை. அதே அறைக்குத் திரும்பி வந்த பெரியவரையும் திறக்க விடவில்லை, என்னையும் விடவில்லை.

போன வாரம் மகள் போன் செய்து, பிள்ளைக்குப் பல்லெல்லாம் வந்து கடிக்கிறது, பாலை நிறுத்திவிட்டேன் என்று என்னிடம் சொன்னாள். நான் அதைச் சமையல்கட்டில் நின்றவளிடம் சொன்னேன். அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பால் மறந்தாச்சுல்ல? இனிமே சொல்லிருங்க."

சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன், மகளே.